இயக்கி நீக்கமும் விசைப்பலகை மௌனமும்: அடையாறை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அடையாறு கஸ்தூரிபா நகரில், ஓர் அடுக்குமாடி வீட்டின் இரண்டாம் தளத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாம் காபிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட பொழுதில், ஒரு கம்ப்யூட்டரின் கீபோர்டு வாயை மூடிக்கொண்டது. அது ஏன் மூடியது, யாரால் மூடியது, எவ்வாறு திறந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றுள் இரண்டாம் வினாவின் விடை ஆய்வாளருக்குத் தொடக்கத்திலேயே தெரியும். ஆய்வு நெறி கருதி அதை நான்காம் பகுதி வரை அவர் வெளியிடவில்லை. வீட்டாரிடம் அன்று மாலை வரை வெளியிடவில்லை.

கருதுகோள்: பெயர் புரியாத பொருள் யாவும் தேவையற்ற பொருளே.

ஆய்வு எல்லை: ஒரு மேசை, ஒரு நாற்காலி, 104 விசைகள். முதன்மைத் தரவு, திரையில் தோன்றியவை. துணைமைத் தரவு, மேல்மாடி மாமியும் கடைத் தம்பியும் சொன்னவை. எது முதன்மை, எது துணைமை என்பது ஆய்வின் போக்கில் இடம் மாறியது. ஆய்வுலகில் இது வழக்கமே.

1. ஆய்வுக் களம்

முதற்கண் ஓர் இலக்கணத் தெளிவு. ஆற்றில் விழுந்தவன் அடையாற்றில் விழுந்தான். வீடு பிடித்துக் குடியிருப்பவன் அடையாறில் இருக்கிறான். இரண்டும் வேறு. முதலாவதற்கு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இந்த ஆய்வு இரண்டாமவனைப் பற்றியது.

எழுத்துக்குப் பஞ்சமில்லாத பேட்டை இது. தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் கர்னல் ஆல்காட் 1886இல் தொடங்கிய அடையாறு நூலகம், ஓலைச்சுவடிகளை மரங்களின் நிழலில் வைத்துக் காக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் பெயரில் நூலகம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். அந்த நூலகம் இருக்கும் காந்தி மண்டபம் சாலையிலேயே, தமிழைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவதையே வேலையாகக் கொண்ட தமிழ் இணையக் கல்விக்கழகம். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இத்தனைக்கும் நடுவே ஒருவன் ஓர் எழுத்துகூட எழுத வழியில்லாமல் அரை நாள் உட்கார்ந்திருந்தான் என்பதே ஆய்வுச் சிக்கல்.

ஒப்பீட்டுக்காக ஓலையைச் சற்றே நோக்கலாம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று, சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவர் தம் அறிவால் கண்டுகொள்ள வேண்டும். அதாவது அந்தக் காலத்தில் டிரைவர் ஓலையில் இல்லை. படிப்பவர் தலைக்குள் இருந்தார். அவரை அங்கிருந்து நீக்க எந்த மெனுவிலும் வழியில்லை. பல நூற்றாண்டுச் சுவடி இன்றும் படிக்கக் கிடைப்பதும், என் கம்ப்யூட்டர் ஒரு காலைப்பொழுதைத் தாண்டாததும் இவ்வாறு விளங்கும்.

2. சொல்லாராய்ச்சி

'டிரைவர்' என்னும் சொல் அடையாறில் மூன்று பொருளில் வழங்கி வருகிறது. ஒன்று, டிப்போவிலிருந்து பஸ்ஸை வெளியே எடுப்பவர். இரண்டு, வீட்டுக் காரை ஓட்டும் மாதச் சம்பளக்காரர். மூன்று, கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ போகும்போது மட்டும் வந்து ஓட்டிக் கொடுத்துவிட்டு, பேட்டா வாங்கிக்கொண்டு போகும் ஆக்டிங் டிரைவர். இம்மூன்றாமவர் இந்த ஆய்வில் பின்னர் முக்கியப் பங்கு வகிப்பார்.

நான்காம் பொருள் கம்ப்யூட்டர் வழியே வந்தது. கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றொன்றுக்குச் சொல்லும் சிறு மென்பொருள். இந்த நான்காம் பொருள் எல்லா வீட்டிலும் இன்னும் வேரூன்றவில்லை. "டிரைவரை எடுத்துட்டேன்னு நினைக்கிறேன்" என்று நான் முனகியபோது, "காரை வித்தே நாலு வருஷம் ஆச்சு, நமக்கு ஏது டிரைவர்?" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. களப்பணியில் கிடைத்த இந்தச் சான்று அப்படியே பதிவு செய்யப்படுகிறது.

கலைச்சொல் வல்லுநர்கள் டிரைவரை 'இயக்கி' என்கிறார்கள். அவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, பழைய தமிழில் இயக்கி என்றால் யட்சி. சிலப்பதிகாரத்தில் இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் மாதரியிடம்தான் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலம் கொடுக்கிறார். தெற்கே நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் அந்த இயக்கியே இசக்கியம்மன். அந்தப் பக்கத்தில் இசக்கியின் கோயிலை ஒருவரும் 'தேவையற்றது' என்று சொல்லி இடிக்க மாட்டார்கள். பயன் தெரிகிறதோ இல்லையோ, தாண்டும்போது செருப்பைக் கழற்றுவார்கள். நான் சென்னையில் வளர்ந்தவன். இயக்கியைக் கண்டதும் வலது கிளிக் செய்தேன்.

3. முன்னோர் பணி

இத்துறையில் முன்னோடி, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. தமிழ் எழுத்து 247. தட்டச்சுப் பொறியிலோ விசைகள் ஐம்பதைத் தாண்டாது. அவ்வளவையும் இவ்வளவுக்குள் அடக்கித் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி கண்டவர் அவர். தரமணி நூலகத்துக்குப் பெயர் தந்த ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர். அவர் வேறு, இவர் வேறு. மாணவர் குழப்பிக்கொள்ளலாகாது.

தமிழ்த் தட்டச்சில் 'நகரா விசை' என்று ஓர் இனம் உண்டு. தட்டினால் குறி தாளில் விழும். ஆனால் உருளை நகராது. புள்ளியும் சுழியும் அடுத்த எழுத்தின் தலைமேலேயே உட்கார வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தட்டச்சுப் பயின்றவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். ஆய்வுக்குரிய ஞாயிறன்று என் கீபோர்டின் 104 விசைகளும் நகரா விசைகளாக இருந்தன. குறியும் விழவில்லை.

தட்டச்சுப் பொறிக்கும் கீபோர்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே எண்ணத்தக்கது. பொறியில் விசையைத் தட்டினால் எழுத்தின் அச்சு நேரே போய் ரிப்பனை அடித்தது. நடுவே யாரும் இல்லை. கீபோர்டுக்கோ எழுத்தே தெரியாது. அதற்கு இடம்தான் தெரியும். யூ.எஸ்.பி. கீபோர்டில் ஆங்கில 'ஏ' பொறித்த விசையை அழுத்தினால் அது 'ஏ' என்று சொல்வதில்லை, '4' என்கிறது. 'பி' 5, இப்படியே 'இஸட்' 29 வரை. எண்டர் 40, இடைவெளி 44. சீட்டு எண் கொடுக்கும் சிப்பந்திபோல எண்ணை உள்ளே நீட்டிவிட்டு அது சும்மா இருக்கும். அந்த 4 என்பது ஆங்கிலமா தமிழா என்று முடிவு செய்வது உள்ளே இருப்பவர்கள். தமிழ் 99 முறையை வைத்திருந்தால் அதே 4 'அ' ஆகிவிடும். 'எச்' விசையின் 11 'க' ஆகிவிடும்.

தமிழ் 99 என்பது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அவ்வாண்டே தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை முறை. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தது. இதைவிடப் பெரிய சிறப்பு, அதற்கு இலக்கணம் தெரியும். 'க' விசையை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குத் தானே புள்ளி வைத்து 'க்க' ஆக்கும். 'ந' தட்டி 'த' தட்டினால் 'ந்த' என்று இன எழுத்தைக் கண்டு சேர்க்கும். ஓலை எழுதியவர் விட்டுவிட்டுப் போன புள்ளியை அந்தக் காலத்தில் உ.வே.சா. போன்றோர் கண் நோகத் தேடி வைத்தார்கள். நமக்கு ஒரு மென்பொருள் வைத்துத் தருகிறது. நாம் நன்றியும் சொல்வதில்லை.

விசையிலிருந்து திரைக்குப் போகும் எண், அரசு அலுவலகக் கோப்புபோல மேசை மேசையாகப் போகிறது. கீழ் மேசையில், கம்பி வழியே வரும் எண்ணை வாங்கும் டிரைவர். மேல் மேசையில், எல்லா வகைக் கீபோர்டுக்கும் பொதுவான வகுப்பு டிரைவர். விண்டோஸில் அவர் பெயர் கேபிடிகிளாஸ். இந்த வழியில் 'வடிகட்டி' என்னும் பெயரில் வேறு சிலரும் மேசை போட்டுக்கொள்ளலாம். எண் தங்களைக் கடக்கும்போது அதைப் பார்ப்பார்கள், வேண்டுமானால் மாற்றுவார்கள், பிறகு மேலே அனுப்புவார்கள். எல்லாம் முடிந்து எண் எழுத்தாகி நாம் பார்ப்பதற்குள் கண் இமைக்கும் நேரம்கூட ஆவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரசு அலுவலக உவமை பொருந்தாது.

4. நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய கீபோர்டில் 'எச்' விசை தேய்ந்து போனது. ஆங்கிலத்துக்கு அது பெரிய இழப்பன்று. தமிழ் 99இல் அது 'க'. ககரம் இல்லாமல் தமிழ் எழுதலாமா என்று மூன்று நாள் முயன்றேன். 'இல்லை' என்று சொல்லலாம். 'இருக்கிறது' என்று சொல்ல முடியாது. கட்டுரைக்கு அவநம்பிக்கைத் தொனி வந்துவிட்டது. எனவே ஒரு விசையின் வேலையை வேறொரு விசைக்கு மாற்றிக் கொடுக்கும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டேன். அது மேற்சொன்ன வழியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, ஒழுங்காக வேலை பார்த்தது. பிறகு கீபோர்டையே மாற்றினேன். மென்பொருளை மறந்தேன்.

ஆய்வுக்குரிய ஞாயிறன்று கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் உந்துதல் வந்தது. இந்த உந்துதல் போகிக்கு முன்வரும் மனநிலையை ஒத்தது. போகி அல்லாத நாளில் வந்தால் ஆபத்து. புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். பெயர் புரியாத ஒன்று இருந்தது. கருதுகோள் கைவசம் இருந்தது. நீக்கு என்றேன். உறுதியா என்று கேட்டது. இத்தகைய கேள்விகளுக்கு 'ஆம்' தவிர வேறு விடையை மனித குலம் இதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை. மறுதொடக்கம் கேட்டது. கொடுத்தேன்.

திரை மீண்டும் வந்து, உள்ளே போக நான்கு இலக்க எண்ணைக் கேட்டது. அடித்தேன். புள்ளிகூட விழவில்லை. எண்டர், இடைவெளி, எஸ்கேப், ஒன்றும் இல்லை. விசைகள் கீழே போய் மேலே வந்தன, அவ்வளவுதான். தட்டும் ஓசை மட்டும் வழக்கம்போல் இருந்தது. உலகில் இதைவிட அவமானமான ஓசை குறைவு.

5. பரபக்கம்

பிறர் மதத்தை எடுத்துரைத்து மறுப்பது பரபக்கம், தன் மதத்தை நிறுவுவது சுபக்கம் என்பது சைவ சாத்திர மரபு. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் சென்னையில் நான்கு மதங்கள் வழங்குகின்றன.

முதலாவது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோர் மதம். இதைப் பின்பற்றுவோரே மிகுதி. இதை முற்றிலும் மறுக்க இயலாது; மறுதொடக்கத்தின்போது கம்ப்யூட்டர் தன்னோடு மாட்டியவற்றை மீண்டும் எண்ணிப் பார்க்கிறது, தவறவிட்ட டிரைவரைத் தானே சேர்த்தும் கொள்கிறது. வெறும் டிரைவரை மட்டும் நீக்கியிருந்தால் இம்மதம் வீடுபேறு தந்திருக்கும். ஆனால் எழுதிவைத்த உத்தரவே பிழையாக இருந்தால், ஒவ்வொரு முறையும் அந்தப் பிழையை அது பயபக்தியோடு நிறைவேற்றும். ஏழு முறை நிறைவேற்றியது.

இரண்டாவது, கழற்றி மாட்டுவோர் மதம். முன்பக்க ஓட்டை, பின்பக்க ஓட்டை, மீண்டும் முன்பக்கம். எதிர்வீட்டுக் கீபோர்டைக் கடன் வாங்கி மாட்டியபோது அதுவும் ஊமையானது. ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிது வாங்கலாம் என்றால் ஞாயிறு; அங்கே பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும். ஆனால் இம்மதத்தால் ஒரு பயன் விளைந்தது. இரண்டு கீபோர்டும் ஒரே நேரத்தில் சாவது அரிது. ஆகவே சாவு வேறிடத்தில்.

மூன்றாவது, கவிழ்த்துத் தட்டுவோர் மதம். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவது. இது பழுது நீக்கலன்று, அகழாய்வு. மேலடுக்கில் ஓமப்பொடி கிடைத்தது. அதன் கீழ் தீபாவளி மிக்சர். அடியில் ஒரு சீடை. அது கோகுலாஷ்டமிக்கு உரியது என்று காலக்கணிப்புச் செய்யப்பட்டது. ஒரு ஸ்டேப்ளர் பின்னும் கிடைத்தது. கீபோர்டு பேசவில்லை.

நான்காவது, ஃபார்மட் மதம். கடைத் தம்பியிடம் போனில் சொன்னதும், "ஃபார்மட் பண்ணிடலாம் சார், புதுசா ஆயிடும்" என்றார். இது பிரளயக் கொள்கை. உலகில் ஒரு கொசு தொல்லை தருகிறது என்றால் உலகை ஒடுக்கி மீண்டும் தோற்றுவிப்பது. கொசு போய்விடும், ஐயமில்லை. கூடவே என் பதினோராண்டுக் கட்டுரைகளும் போய்விடும். "அது வேண்டாம் தம்பி" என்றேன். "அப்ப டிரைவர்தான் சார் பார்க்கணும்" என்றார். அடுக்களையிலிருந்து "எந்த டிரைவர்?" என்று மீண்டும் குரல் கேட்டது.

6. சூத்திரமும் உரைகளும்

கழற்றி மாட்டும் மதத்தில் இருந்தபோது, கீபோர்டு இல்லாமலே ஒருமுறை கம்ப்யூட்டரை எழுப்பினேன். கறுப்புத் திரையில் ஒரு சூத்திரம் தோன்றியது. அதன் பொருள் பின்வருமாறு: கீபோர்டு காணப்படவில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்துக.

உலகெங்கும் கம்ப்யூட்டர்க்காரர்கள் பல காலமாகச் சிரித்துவரும் சூத்திரம் இது. சிரிப்பதோடு நின்றுவிட்டார்கள், உரை எழுதவில்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

முதல் உரை: 'காணப்படவில்லை' என்றது கீபோர்டை. 'அழுத்துக' என்றது அதன்மேல் உள்ள விசையை. இல்லாத தேரின் இருக்கும் அச்சாணி என்றவாறு. இது மாறுகொளக் கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும்.

இரண்டாம் உரை: முரண் அன்று. 'அழுத்துக' என்பது வியங்கோள் வினைமுற்று. வியங்கோள் வாழ்த்தலிலும் விதித்தலிலும் வேண்டலிலும் மட்டுமன்றி வைதலிலும் வரும். 'நீ கெடுக' என்பதுபோல 'நீ எஃப்1 அழுத்துக' என்று கம்ப்யூட்டர் வைகிறது என்க. திரையின் முன்னே அமர்ந்தவன் நிலையை நோக்க இவ்வுரையே சிறக்கும்.

மூன்றாம் உரை: 'கீபோர்டைத் தேடி மாட்டி, அதன்பின்' என்னும் சொற்கள் தொக்கு நின்றன. அவற்றை வருவித்துக்கொண்டால் சூத்திரம் நேரிதே. நகைத்தவர் எச்சம் அறியாதார்.

மூன்றாம் உரையே மெய்யுரை என்று கொண்டு, மாட்டி அழுத்தினேன். சூத்திரம் விலகி வழி விட்டது! அதாவது கீபோர்டு உயிரோடு இருக்கிறது; விண்டோஸ் வருவதற்கு முன் விழிக்கும் அடிப்படை மென்பொருள் அதன் சொல்லைக் கேட்கிறது. விண்டோஸ் வந்த பிறகே செவி அடைக்கிறது. இன்னொரு சோதனையும் இதை உறுதிப்படுத்தியது. கேப்ஸ் லாக் விளக்கு கீபோர்டின் மேலே இருந்தாலும் அதை ஏற்றுவது கீபோர்டு அன்று. 'ஏற்று' என்று கம்ப்யூட்டர் திருப்பிச் சொன்னால்தான் எரியும். விண்டோஸில் எத்தனை முறை அழுத்தியும் விளக்கு எரியவில்லை. கருவி நலம், கேடு நடுவழியில் என்பது பெறப்பட்டது.

7. சுபக்கம்

இந்நிலையில் மேல்மாடி மாமி, பென்ஷன் தாள் ஒன்றைப் பிரிண்ட் எடுக்க வந்தார். மாமி அரசு அலுவலகம் ஒன்றில் முப்பதாண்டுக்கு மேல் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ்.

"இன்னிக்கு முடியாது மாமி, கீபோர்டு வேலை செய்யலை."

"மௌஸ் வேலை செய்யறதோன்னோ?"

செய்தது. விண்டோஸின் நுழைவுத் திரையில் கீழ்மூலையில் ஒரு சிறு மனித உருவம் இருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்; தொட்டதில்லை. கைகால் முடியாதவர்களுக்கான உதவிகள் அங்கே உள்ளன. அதில் ஒன்று திரைக் கீபோர்டு. படமாகத் தோன்றும் விசைகளை மௌஸால் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யலாம். அது கம்பி வழியே வருவதில்லை, நடுவழி மேசைகளைக் கடப்பதில்லை. நேரே மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்து எழுத்தை வைத்துவிடுகிறது. இவரே முன்னர்ச் சுட்டிய ஆக்டிங் டிரைவர். மெதுவாகத்தான் ஓட்டுவார். ஆனால் வண்டி வீடு வந்து சேரும்.

உள்ளே போனோம். சாதனங்களின் பட்டியலில் கீபோர்டின் மேல் மஞ்சள் முக்கோணம். கீழே, பிழை எண் 39: டிரைவரை ஏற்ற முடியவில்லை, கெட்டிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். மீண்டும் தம்பிக்குப் போன்.

"சார், ரிஜிஸ்ட்ரி ஓப்பன் பண்ணுங்க. கிளாஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல 4டி36இ96பின்னு ஆரம்பிக்கிற நம்பர். பார்த்து சார், கடைசில எஃப் இருந்தா அது மௌஸ், அதைத் தொட்டுடாதீங்க. உள்ள அப்பர் ஃபில்டர்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதை டெலிட் பண்ணிடுங்க. சிடி டிரைவ் போச்சுன்னா அப்படித்தான் சார் பண்ணுவோம்."

நான் தாளில் குறித்துக்கொண்டேன். மாமி எட்டிப் பார்த்தார்.

"அப்பரா? அப்பருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இவ்வினா ஆய்வாளரைச் சற்றே திகைக்க வைத்தது. அப்பர் திருவான்மியூருக்கு வந்து பதிகம் பாடியவர், இங்கிருந்து எல்.பி. ரோட்டில் நேரே போனால் மருந்தீசர் கோயில். கையில் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல்லும் முள்ளும் செதுக்கியவர். இன்றும் ஞாயிறுதோறும் உழவாரப் பணிக் குழுக்கள் அவர் பேரைச் சொல்லிக் கோயில் கோயிலாகப் போகின்றன. அந்த ஞாயிறு காலை நானும் அதே பணியில்தான் இறங்கியிருந்தேன் என்று மாமியிடம் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

திரையில் அப்பர் ஃபில்டர்ஸைத் திறந்தேன். உள்ளே இரண்டு வரிகள். ஒன்று, காலையில் நான் நீக்கிய மென்பொருளின் பெயர். மற்றொன்று கேபிடிகிளாஸ். இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்காத அளவுக்குப் புரியாத பெயர்கள். கருதுகோளின்படி இரண்டுமே போக வேண்டியவை.

"இது என்ன லிஸ்ட்?" என்றார் மாமி.

"ஃபைல் யார் யார் சீட் வழியாப் போகணும்னு போட்ட ஆர்டர் மாமி."

"இந்த முதல் ஆள்?"

"அவரைக் காலைல அனுப்பிட்டேன்."

"ஆளை அனுப்பிட்டேள். ஆர்டரை மாத்தலை. சீட் காலி. ஆனா அந்த சீட் வழியாத்தான் ஃபைல் போகணும்னு இன்னும் எழுதி இருக்கு. ஃபைல் எப்படி நகரும்? எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஃபைல் ரெண்டு வருஷம் கிடந்தது."

கம்ப்யூட்டர் நிறுவனங்களின் விளக்கக் குறிப்புகள் அனைத்தையும் தொகுத்தாலும் பிழை எண் 39க்கு இதைவிடத் தெளிவான உரை கிடைக்காது. மென்பொருள் தன் கோப்பை எடுத்துக்கொண்டு போனது. பெயரை விட்டுவிட்டுப் போனது. விண்டோஸ் பெயரைக் கூப்பிட்டது. ஆள் வரவில்லை. ஒருவர் வரவில்லை என்பதற்காக வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டது.

"தம்பி இதை மொத்தமா அழிக்கச் சொல்றார்" என்றேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர்தானே போயிருக்கார்? இன்னொருத்தர் சீட்ல இருக்காரோ இல்லையோ? அப்பர் புல்லைச் செதுக்கினாரா, கோயிலையே செதுக்கினாரா?"

கை நின்றது. பின்னர்த் தெளிந்தபடி, சிடி, டிவிடி டிரைவ்களுக்கு அப்பர் ஃபில்டர்ஸை முழுமையாக நீக்குவது நெடுநாளாக வழங்கும் வைத்தியம். அங்கே அது பலிக்கும். கீபோர்டுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் கேபிடிகிளாஸும் போய், இருந்த ஒரு நோய் இரண்டாகும். தம்பியின் மருந்து நல்ல மருந்து, நோயாளி வேறு. முதலில் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பிறகு, போன ஆளின் பெயரை மட்டும் அழித்தேன். கேபிடிகிளாஸை விட்டேன். ஆக்டிங் டிரைவருக்கு நன்றி சொல்லி, மறுதொடக்கம் கொடுத்தேன்.

8. முடிவுரை

கருதுகோள் பொய்த்தது. பட்டியலில் இருந்த இரண்டு பெயர்களில் ஒன்று களை, ஒன்று பயிர். இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம். எனக்குப் புரியாமை என்பது அவற்றின் குணமன்று; என் குணம். இதைக் கண்டறிய அரை நாளும், எதிர்வீட்டுக் கீபோர்டு ஒன்றும், மாமியின் முப்பதாண்டு அலுவலகச் சேவையும் செலவாயின.

பரிந்துரை மூன்று. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் உந்துதல் வந்தால் பரணைச் சுத்தம் செய்க. அதற்கும் மனம் அடங்காவிட்டால், மீட்புப் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுத் தொடங்குக. திரையின் மூலையில் நிற்கும் சிறு மனிதரை நல்ல நாளிலேயே ஒருமுறை தொட்டுப் பார்த்து வைத்துக்கொள்க.

ஆய்வின் இறுதியில் எதிர்பாராத தரவு ஒன்று கிடைத்தது. கம்ப்யூட்டர் மீண்டும் வந்ததும் கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. மாமி, "தள்ளுங்கோ, நான் பார்க்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். விரல்களை வரிசையில் வைத்தார். தட்டச்சுப் பள்ளியில் கால் வைத்த எவருக்கும் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்றே: ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். திறந்திருந்தது என் பாதிக் கட்டுரை. கீபோர்டு தமிழ் 99இல் இருந்தது. மாமியின் இடக்கை இறங்கியது. 4, 22, 7 என்று எண்கள் உள்ளே போயின. காலி செய்யப்பட்ட மேசையைக் கடந்து திரையில் விழுந்தன:

அஇஉ

மாமி நிறுத்திவிட்டார். "ஏ எஸ் டின்னா அடிச்சேன்? அஇஉன்னு வந்திருக்கே?"

அ, இ, உ என்பவை தமிழ் இலக்கணம் சொல்லும் மூன்று சுட்டெழுத்துகள். அகரம் சேய்மைக்கு: அது. இகரம் அண்மைக்கு: இது. உகரம் இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு: உது. முதல் இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. மூன்றாவதை நாம் எப்போதோ விட்டுவிட்டோம். தட்டச்சு முத்தையா பிறந்த யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் இருக்கிறது. விரல் இது. திரை அது. இரண்டுக்கும் நடுவே நின்று கோப்பை நகர்த்துகிறவரைச் சுட்ட அடையாறுக்காரனிடம் சொல் இல்லை. சொல் இல்லாததால் ஆள் இருப்பது தெரியவில்லை. தெரியாததால், நீக்கு என்றேன்.

மாமிக்குப் பென்ஷன் தாளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு, கட்டுரையின் நடுவே கிடந்த அந்த மூன்று எழுத்துகளை அழிக்க பேக்ஸ்பேஸ்மேல் விரலை வைத்தேன். அவை அங்கே வேண்டியவையா, வேண்டாதவையா என்று தெரியவில்லை. விரலை எடுத்துவிட்டேன்.